ஒன்றுக்குப் பதிலாக ஒன்று

நம் பல்கலைக்கழக மாணவர் அனைவரும் அறிந்த ஒரு காட்சியோடு இக்கட்டுரையைத் தொடங்குகிறேன். பேராசிரியர் வருகைப் பதிவேட்டைப் பார்த்துப் பெயர்களை அழைக்கிறார். பெயருக்கு உரியவனோ விடுதி அறையில் நிம்மதியாக உறங்கிக்கொண்டிருக்கிறான். அவன் பெயர் வந்ததும் கடைசி வரிசையிலிருந்து வேறொரு குரல் 'உள்ளேன் ஐயா' என்கிறது. இந்தத் திருப்பணிக்கு நாம் இட்டிருக்கும் பெயர் 'பிராக்ஸி'. இப்போது ஒரு வினா. குரல் கொடுத்த நண்பன் உறங்கியவனுக்குப் பதிலாக வந்தானா? உறங்கியவன் சார்பாகப் பேசினானா? அல்லது உறங்கியவன் போல நடித்தானா? மூன்றும் ஒன்றுதானே என்று தோன்றும். மூன்றும் ஒன்றல்ல என்பதையும், அவற்றின் வேறுபாட்டை அறியாதிருந்தால் ஒருவனுக்கு இழப்பே நேரக்கூடும் என்பதையும் சொல்லவே இதனை எழுதப் புகுந்தேன்.

ஆங்கிலத்தில் 'இன்ஸ்டெட் ஆஃப்' என்றொரு தொடர் உண்டு. அதற்கு உறவினராக 'இன் பிளேஸ் ஆஃப்', 'இன் லியூ ஆஃப்' என இன்னும் இரண்டு உண்டு. பள்ளியில் இவற்றைக் கற்றபோது, மூன்றுக்கும் எதிரே 'பதிலாக' என்று எழுதிக்கொண்டோம். ஆசிரியர் அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார், நாமும் போய்விட்டோம். 'பதிலாக' என்ற சொல்லில் ஆராய என்ன இருக்கிறது என்றே நானும் எண்ணியிருந்தேன், மரைன் ஹில்லில் ஒரு மாலைப்பொழுது வரும்வரை.

மரைன் ஹில் அந்தமான் தலைநகரில் கடலைப் பார்த்து நிற்கும் ஒரு மேடு. 2024 செப்டம்பர் வரை போர்ட் பிளேர் என்றும், அதன்பின் ஸ்ரீ விஜயபுரம் என்றும் அரசு ஏடுகளில் வழங்கும் நகரம் அது. மேட்டில் நின்றால் எதிரே, ஆங்கிலேயர் ஒருகாலத்தில் தம் ஆட்சித் தலைமையை வைத்திருந்த ராஸ் தீவு தெரியும். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் தமிழ், அடுத்த வீட்டில் வங்காளம், அதற்கடுத்த வீட்டில் தெலுங்கு அல்லது மலையாளம். வெளியே வந்தால் எல்லாருக்கும் இந்தி. அங்கு வளரும் பிள்ளை எவனும், தானறியாமலே ஒரு மொழிபெயர்ப்பாளன் ஆகிவிடுகிறான்.

நான் பதினோராம் வகுப்பில் படித்த காலம். எதிர்வீட்டு மாமா ஒரு தனியார் நிறுவனத்தில் சில ஆண்டுகளாக வேலை பார்த்துவந்தார். கூலி உயர்வு கேட்டு அவரும் தோழர்களும் அதற்கு முந்திய மாதம் நிர்வாகத்துக்கு ஒரு நோட்டீசு கொடுத்திருந்தனர். ஒரு மாலை அவர் ஒரு தாளோடு என்னிடம் வந்தார். "தம்பி, இதிலே கையெழுத்துப் போட்டுக் காலையிலே கொடுத்தால் பணம் தருவார்களாம். என்ன எழுதியிருக்கிறது, பார்" என்றார். ஆங்கிலத்தில் ஒரே வரி. ஒரு மாதச் சம்பளத்தை 'இன் லியூ ஆஃப் நோட்டீஸ்' பெற்றுக்கொண்டேன் என்பது அதன் வாசகம். நான் சற்றும் தயங்காமல், "நோட்டீசுக்குப் பதிலாக ஒரு மாதச் சம்பளம் தருகிறார்கள், மாமா" என்றேன். அவர் முகம் மலர்ந்தது. "நம்ம நோட்டீசுக்குப் பதில் வந்துவிட்டதா! பரவாயில்லையே, மனிதர்கள்தான்" என்றார். கையெழுத்திட்டார். எனக்கு ஒரு தேநீரும் கிடைத்தது.

மறுநாள் பணத்தைப் பெற்றுக்கொண்டு வேலைக்குத் திரும்பினார். வாயிலில் அவரை நிறுத்திவிட்டனர். பெயர் நீக்கப்பட்டுவிட்டதாம். நண்பகலில் திறக்காத சோற்றுப் பாத்திரத்தோடு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். என்னைக் கடிந்து ஒரு சொல் சொல்லவில்லை. "நல்ல சேதி என்றுதானே சொன்னாய், தம்பி?" என்று மட்டும் கேட்டார்.

நான் சொன்ன மொழிபெயர்ப்பு அகராதிப்படி பிழையானதன்று. அதுதான் வியப்பு. 'இன் லியூ ஆஃப்' என்பதற்குப் 'பதிலாக' என்பதே எல்லா அகராதிகளும் தரும் பொருள். ஆயின் அத்தாள் சொன்னது வேறு. மாமா கேட்டது வேறு. ஒருவரை வேலையிலிருந்து நிறுத்துமுன் ஒரு மாதம் முன்னதாகவே எழுத்தில் அறிவிக்கவேண்டும். அவ்வாறு அறிவிக்காவிடின் அந்த ஒரு மாதத்துக்குரிய ஊதியத்தைக் கொடுத்துவிடவேண்டும் என்பது நம் நாட்டுத் தொழிலாளர் சட்டத்தில் நெடுநாளாக உள்ள விதி. ஓராண்டுக்குக் குறையாமல் தொடர்ந்து வேலை செய்தவர்க்கு இது பொருந்தும். 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டத்தில் 1953இல் சேர்க்கப்பட்ட பகுதியில் இவ்விதி இடம்பெற்றது. 2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழில் உறவுத் தொகுப்புச் சட்டமும் இதனைக் கைவிடவில்லை. எனவே அத்தாளின் பொருள் இதுதான்: 'உனக்கு முன்னறிவிப்புத் தரப்போவதில்லை; அது இருக்கவேண்டிய இடத்தில் இந்தப் பணம் இருக்கிறது.' மாமா கேட்டதோ, 'நீங்கள் கொடுத்த நோட்டீசுக்கு மறுமொழியாக இந்தப் பணம்' என்பது.

இந்தக் குழப்பம் எங்கிருந்து வந்தது? 'பதில்' என்னும் சொல்லின் வரலாற்றிலேயே அதற்கு விடை இருக்கிறது.

'பதில்' தமிழில் இன்று நம் வீட்டுப் பிள்ளை. ஆயின் பிறந்த வீடு வேறு. அரபு மொழியில் 'பதல்' என்பது ஒன்றைக் கொடுத்து ஒன்றைப் பெறுதலையும், ஒன்றின் மாற்றாக வருவதையும் குறிக்கும். அச்சொல் பாரசீகத்தின் வழியே இந்துஸ்தானியில் குடியேறி, அங்கிருந்து இந்தியாவின் பல மொழிகளிலும் பரவியது. எங்கள் தெருவில் நடந்தாலே இதனைக் கேட்கலாம். இந்திக்காரர் 'பத்லே மே' என்பார். வங்காளி 'போதலே' என்பார். தெலுங்கர் 'பதுலு' என்பார். நாம் 'பதில்' என்கிறோம். நான்கு வீட்டிலும் ஒரே சொல். ஒலி மட்டும் வேறு. மலையாளத்தார் மாத்திரம் பெரும்பாலும் 'பகரம்' என்பர். அச்சொல் தமிழ் அகராதிகளிலும் உண்டு. குமரி மாவட்டத்தார்க்கு அது புதிதன்று.

பயணம் செய்த ஒவ்வொரு வீட்டிலும் அச்சொல் ஒவ்வொரு வேலையை ஏற்றுக்கொண்டது. இந்தியில் 'பத்லா' என்றால் பழிக்குப் பழி. 'பத்லி' என்றால் பணியிட மாற்றம், வங்காளத்திலும் அப்படியே. ஆலைகளில் நிரந்தரத் தொழிலாளி வராத நாளில் அவன் இடத்தில் வேலை செய்பவனைப் 'பத்லி' என்றனர். இந்த வழக்கு ஆங்கிலத்தில் எழுதப்பட்ட இந்தியச் சட்டத்துக்குள்ளேயே நுழைந்து இடம் பிடித்துவிட்டது. அவனையே நம் ஆலைத் தமிழில் 'பதிலி' என்றனர். தமிழிலும் தெலுங்கிலும் இச்சொல் மற்றொரு பெரும் பணியையும் மேற்கொண்டது. கேள்விக்கு வரும் மறுமொழிக்கும் அதுவே பெயராயிற்று. கேள்வியைக் கொடுத்துப் பெறுவது விடையாதலால், இதுவும் ஒரு கொடுக்கல்-வாங்கல்தானே என்று மக்கள் எண்ணினர் போலும்.

ஆகவே தமிழில் 'பதில்' என்றால் மூன்று பொருள் உண்டு. 'கடிதத்துக்குப் பதில்' என்றால் மறுமொழி. 'பதிலுக்கு அவனும் அடித்தான்' என்றால் எதிர்ச்செயல். 'அரிசிக்குப் பதிலாகக் கோதுமை' என்றால் ஒன்றின் இடத்தில் மற்றொன்று. முதல் இரண்டிலும் முன்னே வந்த பொருள் அப்படியே இருக்கிறது. கடிதம் இருக்கிறது, பதிலும் வருகிறது. மூன்றாவதில் மட்டுமே முன்னது போய்விடுகிறது. நியாயவிலைக் கடையில் அரிசிக்குப் பதிலாகக் கோதுமை என்றால், அன்று வீட்டில் அரிசி இல்லை என்பது பொருள். மாமா முதற்பொருளைக் கொண்டார். தாள் மூன்றாம் பொருளைச் சொல்லிற்று. இடையில் நின்ற நான் இரண்டுக்கும் பொதுவான சொல்லைச் சொல்லி, ஒன்றும் சொல்லாதவன் ஆனேன்.

இனி ஆங்கிலச் சொற்களை நோக்குவோம். 'இன்ஸ்டெட்' என்பதில் உள்ள 'ஸ்டெட்' பழைய ஆங்கிலத்தில் இடத்தைக் குறித்தது. 'பிளேஸ்' என்பதும் இடமே. 'லியூ' பிரெஞ்சுச் சொல். அதன் பொருளும் இடமே. மூன்று தொடர்களும் ஒரே படத்தைத்தான் காட்டுகின்றன: ஒரு நாற்காலி இருக்கிறது, அதில் இருந்தவர் எழுந்துவிட்டார், வேறொருவர் அமர்ந்துவிட்டார். நாற்காலி ஒன்றே ஆதலின் இருவரும் ஒருங்கே அமர இயலாது.

இந்தப் பிரெஞ்சு 'லியூ'வை அந்தமானில் நாள்தோறும் காண்கிறோம். 'லெப்டினன்ட்' என்னும் சொல்லின் முற்பாதி அதுதான். பிற்பாதிக்குத் 'தாங்குபவர்' என்பது பொருள். இன்னொருவர் இடத்தைத் தாங்கி நிற்பவரே லெப்டினன்ட். 1789இல் இத்துறைமுகத்தில் முதற் குடியேற்றத்தை அமைத்த ஆர்ச்சிபால்டு பிளேர், பம்பாய்க் கடற்படையின் லெப்டினன்ட். 1982 முதல் இத்தீவுகளின் ஆட்சிப் பொறுப்பில் இருப்பவர் லெப்டினன்ட் கவர்னர். தமிழில் துணைநிலை ஆளுநர். அதுவரை இருந்த தலைமை ஆணையர் பதவி அன்றோடு எழுந்துகொண்டது.

மூன்று தொடர்களும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளே எனினும் பழகும் இடத்தால் வேறுபடுவன. 'இன்ஸ்டெட் ஆஃப்' வீட்டிலும் கடைத்தெருவிலும் பழகுவது. காப்பி வேண்டாம், தேநீர் போதும் என்பதற்கு அதுவே தக்கது. 'இன் பிளேஸ் ஆஃப்' சற்று நிதானமானது. சமையற் குறிப்பிலும் அறிவிப்பிலும் வரும். 'இன் லியூ ஆஃப்' அலுவலகத்திலும் வழக்குமன்றத்திலும் உலவுவது. பெரும்பாலும் உரிமை, ஊதியம், விடுப்பு ஆகியவை பற்றியது. நண்பனிடம் தேநீர் கேட்கையில் 'இன் லியூ ஆஃப்' என்றால் அவன் சிரிப்பான். ஆயின் நமக்கு வரும் தாளில் அத்தொடரைக் கண்டால் நாம் சிரிக்கக்கூடாது. நம்மிடமிருந்து ஏதோ ஒன்று எழுந்து போகிறது என்பதற்கு அது அடையாளம்.

'சப்ஸ்டிட்யூட்', 'ரிப்ளேஸ்' என்னும் இரு வினைகளிலும் ஓர் எச்சரிக்கை வேண்டும். 'எண்ணெய்க்கு நெய்யைச் சப்ஸ்டிட்யூட் செய்' என்று ஆங்கிலத்தில் சொன்னால், சட்டியில் விழவேண்டியது நெய். 'எண்ணெயை நெய்யால் ரிப்ளேஸ் செய்' என்றாலும் விழுவது நெய்யே. ஆனால் முதல் வாக்கியத்தில் ஆங்கிலேயர் நெய்யை முன்னே சொல்வர். இரண்டாவதில் எண்ணெயை முன்னே சொல்வர். இவ்வரிசையை மறந்து இரண்டையும் ஒன்றாகக் கொண்டால், வருவது போவதாகவும் போவது வருவதாகவும் தலைகீழாகிவிடும். தேர்வில் இதனால் ஒரு மதிப்பெண் போகும். மருந்துக் குறிப்பில் ஆனால் நோயாளியின் பாடு திண்டாட்டம்.

கிரிக்கெட்டு அன்பர்களுக்கு இவ்வேறுபாட்டை இன்னும் எளிதாகச் சொல்லலாம். காயமுற்றவருக்காகக் களம் இறங்கும் 'சப்ஸ்டிட்யூட்' பந்தைத் தடுக்கலாம், பிடிக்கலாம். மட்டையடிக்கவோ பந்து வீசவோ கூடாது. இடத்தை நிரப்புகிறாரேயன்றி உரிமையைப் பெறுவதில்லை. 2019 ஆகஸ்டில் புதிய விதி ஒன்று நடைமுறைக்கு வந்தது. தலையில் அடிபட்டு மூளை அதிர்ச்சியுற்றவருக்காக வருபவர் மட்டையடிக்கலாம், பந்தும் வீசலாம். அவ்விதி அவரை 'ரிப்ளேஸ்மென்ட்' என்றே குறிக்கிறது. அதே மாதம் லார்ட்ஸ் மைதானத்தில் ஸ்டீவ் ஸ்மித்தின் இடத்தில் இறங்கிய லபுஷேன் 59 ஓட்டங்கள் எடுத்தார். ஒரு சொல்லுக்கு மறு சொல் வந்தவுடன் ஆட்டக்காரர் ஒருவருக்கு மட்டை பிடிக்கும் உரிமையே வந்துவிட்டதன்றோ!

தமிழில் இவ்வேறுபாடுகளைக் காட்டச் சொல் இல்லையோ என எவரும் கவலையுற வேண்டா. எல்லா வேலையையும் 'பதிலாக' என்னும் ஒரு சொல்லின் தலையில் சுமத்திவிட்டுப் பிற சொற்களை ஓய்வில் வைத்திருக்கிறோம், அவ்வளவே.

'ஈடு' என்பது இழந்ததை நிறைசெய்ய வருவது. இழப்பீடு, ஈட்டுத்தொகை, ஈடுகட்டுதல் எல்லாம் அதன் மக்கள். இச்சொல்லைக் கேட்டவுடன் ஏதோ ஓர் இழப்பு நேர்ந்திருக்கிறது என்று காது தானே அறிந்துகொள்ளும். 'மாற்று' என்பது ஒன்றை நீக்கி அங்கே வேறொன்றை வைப்பது. மாற்றுத்துணி, மாற்றுவழி என்கிறோம். 'மாற்றாந்தாய்' என்னும் சொல்லில், வந்தவளைச் சொல்லும்போதே போனவளையும் நினைக்கிறோம். 'சார்பாக' என்பதில் எவரும் எழுந்து போவதில்லை. சங்கத்தின் சார்பாகச் செயலாளர் நன்றி கூறுகிறார் என்றால் சங்கம் அங்கேயே இருக்கிறது. 'சங்கத்துக்குப் பதிலாக' என்று அவர் கூறினால் நாம் அனைவரும் எழுந்து வீட்டுக்குப் போகவேண்டியதுதான்!

நம் இலக்கணத்தாரும் இத்துறையில் கண் செலுத்தாமல் இல்லை. ஓர் எழுத்தின் இடத்தில் வேறோர் எழுத்து வந்தும் பொருள் மாறாதிருப்பதைப் 'போலி' என்றனர். முகம் என்பது முகன் ஆகும். பந்தல் என்பது பந்தர் ஆகும். ஐந்து என்பது அஞ்சு ஆகும். ஒன்றன் பெயர் அதனோடு தொடர்புடைய மற்றொன்றுக்கு ஆகி வருவதை 'ஆகுபெயர்' என்றனர். கப்பல் வரத் தாமதமான இரவில் மேடே விழித்திருந்தது என்று எங்கள் ஊரில் சொன்னால், விழித்திருந்தது மண்ணன்று, மக்கள் என்று எவர்க்கும் புரியும். போலியில் இலக்கணத்தார் இட்ட நிபந்தனை கருதத்தக்கது: பொருள் மாறாதிருத்தல் வேண்டும். அந்நிபந்தனை உலகியலில் நழுவியதனாலன்றோ, இன்று 'போலி' என்றவுடன் போலி மருந்தும் போலிக் கையெழுத்தும் நம் நினைவுக்கு வருகின்றன! கடைசி வரிசையில் 'உள்ளேன் ஐயா' என்ற நம் நண்பனை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்பதை இனி வாசகர்களே முடிவு செய்யலாம்.

பேச்சுத் தமிழ் இச்சிக்கலைத் தன் போக்கில் எப்போதோ தீர்த்துவிட்டது. 'படிப்பதற்குப் பதிலாகத் தூங்கினான்' என்று எழுதுபவர் நாம். நம் அன்னையரோ, 'படிக்காமல் தூங்கினான்' என்பர். 'படிக்கிறதை விட்டுவிட்டுத் தூங்கினான்' என்பர். 'காப்பிக்குப் பதிலாகத் தேநீர்' என்னாமல், 'காப்பி வேண்டாம், தேநீர் கொடு' என்பர். போவது எது என்பதை முதலில் தெளிவாக மறுத்துவிட்டு, பிறகு வருவதைச் சொல்வது அவர்கள் முறை. கேட்பவனுக்கு ஐயமே எழாது. அத்தாளை அன்று என் பாட்டி படித்திருந்தால், 'நோட்டீசு கொடுக்காமல் காசைக் கொடுத்து அனுப்புகிறார்கள்' என்று ஒரே மூச்சில் சொல்லியிருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஊர்ப்பெயர்களில் மட்டும் இந்த நாற்காலிக் கணக்கு முற்றும் செல்லாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிளேர் அமைத்த குடியேற்றத்துக்கு முதலில் இட்ட பெயர் போர்ட் கார்ன்வாலிஸ். 1792இல் குடியேற்றம் வடக்கே வேறொரு துறைமுகத்துக்கு மாறியபோது அப்பெயரும் கூடவே மாறிச் சென்றது. பழைய இடத்துக்குப் பிளேரின் பெயர் வந்தது. 2018 டிசம்பர் 30ஆம் நாள் ராஸ் தீவு நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவாயிற்று. ஹேவ்லாக் சுவராஜ் தீவும், நீல் ஷகீத் தீவும் ஆயின. 2024இல் போர்ட் பிளேரும் ஸ்ரீ விஜயபுரம் ஆயிற்று. அரசின் தாளில் புதுப்பெயர் அமர்ந்துவிட்டது. படகுத்துறையிலோ 'ராஸுக்குப் போகிறீர்களா?' என்ற குரல் இன்னும் கேட்கிறது. எழுத்தில் எழுந்து போன பெயர் நாவில் அமர்ந்திருக்கிறது. தாளில் மாறுவது ஒரு நாளில் மாறும். வாயில் மாறுவதற்கு ஒரு தலைமுறை வேண்டும்.

நண்பர்களே, நம்முள் பலர் நாளை அலுவலகங்களிலும் வழக்குமன்றங்களிலும் மருத்துவமனைகளிலும் அமரப்போகிறவர்கள். ஆங்கிலம் அறியாத ஒருவர் ஒரு தாளை நீட்டி, 'என்ன எழுதியிருக்கிறது?' என்று கேட்கும் நாள் நம் எல்லார்க்கும் வரும். அன்று 'பதிலாக' என்னும் சொல்லோடு நின்றுவிடாமல், வருவது எது, போவது எது என்னும் இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். அன்று நான் சொல்லியிருக்கவேண்டியது இதுதான்: 'மாமா, ஒரு மாதம் முன்னதாக அறிவிக்காமல், அதற்கு ஈடாக ஒரு மாதச் சம்பளத்தைக் கொடுத்து, உங்களை உடனே வேலையிலிருந்து நிறுத்துகிறார்கள்.' இவ்வாறு சொல்லியிருந்தால் வேலை தப்பியிருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் கையெழுத்திடுமுன் காரணம் கேட்டிருப்பார். தோழர்களைக் கண்டு பேசியிருப்பார். குறைந்த அளவு, மறுநாள் சோற்றுப் பாத்திரத்தைக் கட்டிக்கொண்டு போயிருக்கமாட்டார்.

அவர் பின்னர் வேறு வேலை தேடிக்கொண்டார். விடுமுறைக்கு ஊர் செல்லும்போதெல்லாம் இன்னமும் ஏதாவது ஒரு தாளோடு என்னிடம் வருகிறார். என்மேல் அவர் நம்பிக்கை போகவில்லை. ஆனால் நான் படித்துச் சொல்லி முடித்ததும், உடனே பேனாவை எடுப்பதில்லை. தாளை ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டு, "சரி தம்பி, வருகிறது புரிந்துவிட்டது. போகிறது எது?" என்று கேட்கிறார்.